காளியம்மாவின் சறுக்குக் கட்டை

எண்பதுகளின் பின்பாதியில் துபாய் கராமாவில் போய்க் காளியம்மா வீடு எது என்று கேட்டால், எந்தக் காளியம்மா என்று திருப்பிக் கேட்பார்கள். சறுக்குக் கட்டை காளியம்மா என்று சொல்லிவிட்டால் அந்தக் கேள்வி வராது. மளிகைக் கடைக்கு மேலே இரண்டாம் மாடி, வாசலில் ஆள் உயரத்துக்கும் மேலாக இரண்டு மரக்கட்டைகள் சாத்தியிருக்கும், அந்த வீடுதான் என்று சிரித்துக்கொண்டே கை காட்டுவார்கள். பாலைவனத்தில் பனிச்சறுக்குக் கட்டை வைத்திருக்கிற பெண்பிள்ளை அந்தத் தெருவில் வேறு யார் இருந்தார்கள்?

அவள் இலங்கையில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். மீசை முளைக்காத பையன்கள் பந்து விளையாடுகிற வயதில் கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டியவள். கல்யாணம் கட்டியவன் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனான். போன இடத்தில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். காளியம்மா ஒரு மழைக்காலம் முழுவதும் அழுதாள். அடுத்த மழைக்காலத்தில் விமானம் ஏறிவிட்டாள். அப்பா காலத்திலேயே இலங்கைப் பிரஜாவுரிமை பதிந்து வைத்திருந்ததால் அவளுக்குப் பாஸ்போர்ட் கிடைத்தது. தோட்டத்தில் எத்தனையோ பேருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

முதலில் ஷார்ஜாவில் ஓர் அரபி வீடு. நிறையக் குழந்தைகள், நிறையத் துணி, நிறையச் சமையல். அங்கே இருந்தவரை அவள் கற்றுக்கொண்டது அரபிப் பேச்சு. பிறகு துபாயில் கடற்கரைப் பக்கம் நார்வேக்காரர் ஒருவரின் வீட்டுக்கு மாறினாள். ஐயா கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் இன்ஜினியர். வீட்டம்மாவின் பெயர் சோல்வெய்க். காளியம்மாவின் வாயில் அது சோல்வி மேடம் ஆயிற்று. மேடத்துக்கும் அது பிடித்துப்போய், நாளடைவில் வீட்டுக்காரரே அப்படிக் கூப்பிடத் தொடங்கினார்.

டிசம்பர் பிறந்துவிட்டால் சோல்வி மேடத்துக்கு இருப்புக் கொள்ளாது. ஊரில் இந்நேரம் இடுப்பளவு பனி கிடக்கும் என்று சொல்லிக்கொண்டு அறை அறையாக நடப்பாள். வெள்ளிக்கிழமை வந்ததும் ஸ்டோர் ரூமைத் திறந்து, அவள் அப்பா காலத்து மரச் சறுக்குக் கட்டைகளை வெளியே எடுப்பாள். அந்தக் கட்டையில் பாதத்தின் முன்பக்கம் மட்டும்தான் பூட்டியிருக்கும்; குதிகாலைச் சுற்றி வருவது ஒரு தோல் வார். குதிகாலைத் தூக்கித் தூக்கி மேடேறலாம். ஏற்றிவிட இயந்திரமோ வழிபோட்ட பாதையோ இல்லாத மலைகளில், தானே ஏறித் தானே இறங்குகிறவர்களுக்கென்று செய்தது. மேடம் அதை வண்டியில் போட்டுக்கொண்டு ஹத்தா ரோட்டில் போவாள். காளியம்மாவும் குழந்தைகளும் கூடவே போவார்கள். சிவப்பு மணல் மேட்டில் மேடம் மூச்சு வாங்க ஏறி, இறங்கி, மறுபடி ஏறிக்கொண்டிருப்பாள். காளியம்மா கீழே பாய் விரித்துக் குழந்தைகளுக்கு ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டிருப்பாள்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை மேடம் கட்டைகளைக் கழற்றிவிட்டு, நீயும் மாட்டிப் பார்க்கிறாயா என்று கேட்டாள். விளையாட்டுக்குத்தான் கேட்டாள். காளியம்மா யோசிக்கக்கூட இல்லை. ஜாம் தடவிய கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். சின்ன மேடுதான், வீட்டுக் கூரை உயரம் இருக்குமோ என்னவோ. பின்னாலிருந்து மேடம் மெதுவாகத் தள்ளிவிட்டாள். நாலு முழம் சறுக்கிப் போய்ப் பொத்தென்று உட்கார்ந்தாள். குழந்தைகள் கைதட்டின.

அந்த நாலு முழத்தில் அவளுக்குள் என்னவோ ஆகிவிட்டது. மலையில் பிறந்தவள்தான். ஆனால் அங்கே ஏறியதெல்லாம் கொழுந்து பறிக்க, இறங்கியதெல்லாம் பறித்ததை நிறுவைக்குக் கொண்டுபோக. முதுகில் பாரமில்லாமல், கீழே எவரும் காத்திராமல், இறங்குவதற்காகவே ஒரு சரிவில் இறங்கியது அதுதான் முதல் தடவை. அன்று இராத்திரி முழங்கால் வலித்தது. அது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

எண்பத்தாறாம் வருஷம் கோடையில் ஐயாவுக்கு வேலை முடிந்து அவர்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். சாமான்களைப் பெட்டியில் அடுக்கும்போது, இந்த வீட்டில் உனக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்று மேடம் சொன்னாள். தையல் மெஷின் இருந்தது. டூ-இன்-ஒன் ரேடியோ இருந்தது. பக்கத்து வீடுகளில் வேலை செய்த பெண்கள் எல்லோரும் இவளுக்கு எது வாய்க்கப்போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். காளியம்மா ஸ்டோர் ரூமைக் காட்டினாள்.

 மேடம் தானே போய்க் கட்டைகளை எடுத்துவந்து, தூசி துடைத்து, ஊன்றிக்கொள்ளும் கோல்களையும் தோல் பூட்ஸையும் சேர்த்துக் கொடுத்தாள். பூட்ஸ் காளியம்மாவின் காலுக்குப் பெரிது. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி போட்டுக்கொள் என்று சொல்லி, அதையும் கொடுத்தாள். தனக்குத் தெரிந்த டாக்டர் ஒருவரிடம் பேசி, தேராவில் அவருடைய கிளினிக்கில் ஆயா வேலைக்கும் விசா மாற்றத்துக்கும் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் மேடம் விமானம் ஏறினாள்.

அந்தக் கிளினிக்கில் நர்ஸாக இருந்தவள் ஜெபராணி. கன்னியாகுமரி மாவட்டத்தில் முட்டம் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரி; வாய் பேசிக்கொண்டே இருக்கும், கை அதைவிட வேகமாக வேலை செய்யும். கராமாவில் அவளும் வேறு சில பெண்களும் தங்கியிருந்த ரூமில் காளியம்மாவுக்கும் ஒரு கட்டில் கிடைத்தது. கட்டில் சிறியது, கட்டை பெரியது. கட்டிலுக்கடியில் வைத்தால் நீட்டிக்கொண்டு எல்லோர் காலையும் இடறிற்று. கடைசியில் வாசலுக்கு வெளியே சாத்தி வைத்தார்கள். அந்தப் பெயரும் அப்படித்தான் வந்தது.

ஜெபராணியின் புருஷன் நேசையன் அல் கூஸில் ஒரு மர வேலைப் பட்டறையில் ஆசாரி. பட்டறையை ஒட்டிய கேம்ப்பில் ஒரு ரூமில் எட்டுப் பேரோடு படுக்கை. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே ஊரில் இருந்தும் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமைதான் முகம் பார்த்துக்கொள்வார்கள். அதுவும் ஏதாவது ஓட்டலில் தேநீர் ஆறும்வரை. அதனால் காளியம்மா மணல் மேட்டுக்குப் போகலாமா என்று கேட்டபோது, எங்கே, எதற்கு என்று விசாரிக்காமல் இருவரும் சரி என்றார்கள். நாள் பூராவும் சேர்ந்து இருக்கலாமே. வண்டிக்கு செய்கு முகம்மது வந்தார். காயல்பட்டினத்துக்காரர், ஒரு மொத்தக் கடையில் பிக்கப் ஓட்டுபவர், நேசையனுக்குச் சிநேகிதர். முதலாளி வெள்ளிக்கிழமைகளில் வண்டியை அவரிடமே விட்டிருந்தார்.

முதல் தடவை போனது நவம்பரில். அது ஒரு கூத்து. கட்டை மணலில் நகரவே இல்லை. பசை தடவினாற்போல ஒட்டிக்கொண்டு நின்றது. காளியம்மா உந்தி உந்திப் பார்த்து முகம் குப்புற விழுந்தாள்; வாயெல்லாம் மணல். நேசையன் கட்டையைத் திருப்பி அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். பனிக்குத் தடவிய மெழுகெல்லாம் தேய்ந்து வெறும் மரமாக இருந்தது. அதை அவர் பட்டறைக்கு எடுத்துப்போய், சமையலறை மேசைகளுக்கு ஒட்டுகிற சன்மைக்காத் தகட்டில் வெட்டி மிஞ்சிய நீளத் துண்டுகளை அடியில் ஒட்டிக் கொண்டுவந்தார். தேவாலயத்தில் எரிந்து மீந்த மெழுகுவர்த்தித் துண்டுகளை ஜெபராணி ஒரு பையில் சேர்த்து வைத்தாள். மெழுகைச் சன்மைக்காமேல் அழுத்தித் தேய்த்து மறுபடி போனபோது கட்டை வழுக்கிக்கொண்டு ஓடியது. டிசம்பர் வெள்ளிக்கிழமைகளில் அவர்கள் சின்ன மேடுகளிலேயே பழகினார்கள். விழுந்தார்கள், எழுந்தார்கள். நேசையன் ஒரு தரம் மாட்டிப் பார்த்து, இது எனக்கு ஆகாது என்று ஒதுங்கிக்கொண்டார். காளியம்மாவுக்கு மெல்ல மெல்ல வளையவும் நிற்கவும் வந்தது.

ரோட்டோரத்தில் ஜீப்புகள் ஏறி விளையாடும் பெரிய சிவப்பு மேடு ஒன்று உண்டு. அதற்கும் பின்னால், பல மேடுகள் தாண்டி, இன்னொன்று நின்றது. எல்லாவற்றுக்கும் மேலே அதன் உச்சி மட்டும் ரோட்டிலிருந்து தெரியும். வண்டி போகாது, நடந்துதான் போக வேண்டும். சோல்வி மேடம் ஒவ்வொரு தடவையும் அதை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத் திரும்புவாள். குழந்தைகளை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் நடக்க முடியாது என்று விட்டுவிட்டாள். காளியம்மாவின் கண்ணும் அதன்மேலேயே இருந்தது.

எண்பத்தேழு ஜனவரியில் ஒரு வாரம் மழை பெய்து ஓய்ந்தது. வெள்ளிக்கிழமை விடிந்தபோது வடக்கிலிருந்து வாடைக் காற்று வெட்டியது. கராமாவில் டீக்கடை வாசலில் நின்றவர்கள் கையை அக்குளுக்குள் வைத்துக்கொண்டிருந்தார்கள். செய்கு முகம்மது தலையில் மஃப்ளர் சுற்றி வந்து, இன்றைக்கு வேண்டாம், அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். கடற்கரைக்காரியான ஜெபராணி கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு அதையே சொன்னாள். காளியம்மா பிளாஸ்கில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"இதெல்லாம் ஒரு குளிரா? எங்க தோட்டத்துல இதைவிடக் குளிர்ல ஈரச் சாக்கைப் போர்த்திக்கிட்டுக் கொழுந்து எடுத்திருக்கோம். வாங்க, ஏறினா வேர்த்துரும்" என்றாள்.

போனார்கள். பெண்கள் இருவரும் முன்னால் ஒடுங்கி உட்கார்ந்தார்கள். நேசையன் பின்னால் கட்டைகளை அணைத்துக்கொண்டு கம்பளிக்குள் சுருண்டார். வழியில் அல் மதாம் என்ற ஊரின் பெயர்ப்பலகை வந்தபோது செய்கு முகம்மது, அந்தச் சோல்வி மேடத்தின் பெயரில்தான் இந்த ஊர் என்று வழக்கம்போலச் சொன்னார். அன்றைக்கு அதற்குச் சிரிக்கக்கூட யாருக்கும் வாய் வரவில்லை; பல் கிட்டியிருந்தது.

வண்டியை ரோட்டோரத்தில் நிறுத்திவிட்டு நடந்தார்கள். செய்கு முகம்மது வண்டியிலேயே இருப்பதாகச் சொன்னார். பிறகு தனியாக உட்கார்ந்து விறைப்பதைவிட நடப்பதே மேல் என்று அவரும் வந்துவிட்டார். மழை ஈரத்தில் மணல் இறுகியிருந்ததால் கால் புதையவில்லை. காளியம்மா கட்டைகளையும் கோல்களையும் துண்டால் கட்டி முதுகில் குறுக்காக மாட்டிக்கொண்டு முன்னால் போனாள். நேராக ஏறாமல், தேயிலை நிரைகளுக்கு நடுவே போவதுபோல வளைந்து வளைந்து ஏறினாள். ஒரு மேட்டின் முதுகில் ஏறி, பள்ளத்தில் இறங்காமல் விளிம்பிலேயே சுற்றி அடுத்த மேட்டைப் பிடித்தாள். மற்ற மூவரும் அவள் கால் வைத்த தடத்தில் கால் வைத்தார்கள். ஜெபராணி பேசுவதை நிறுத்தியபோதுதான் எவ்வளவு ஏறிவிட்டோம் என்பது நேசையனுக்குத் தெரிந்தது.

கடைசி ஏற்றம் செங்குத்து. கையையும் ஊன்றித் தவழ்ந்துதான் போனார்கள். உச்சி ஒரு கத்தி விளிம்பு மாதிரி இருந்தது. அங்கே காற்று மணலை அள்ளிக் காதில் போட்டது. நிமிர்ந்து பார்த்தார்கள். கிழக்கே கருப்புக் கருப்பாக மலைகள், அவற்றின் தலையில் மேகம். மற்ற மூன்று பக்கமும் மடிப்பு மடிப்பாகச் சிவப்பு மணல். ஹத்தா ரோடு ஒரு நூல்போலக் கிடந்தது. பிக்கப் எங்கே என்று தேடினால் கண்ணில் படவே இல்லை. நேசையன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். சூரியன் மேகத்தைவிட்டு வெளியே வந்திருந்தது. காற்றும் வெயிலுமாக மேல் மணலை உலர்த்திக்கொண்டிருந்தன. சறுக்குவதற்கு அதுதான் வேண்டும்.

அந்த மேட்டுக்கு இரண்டு முகம். ரோட்டுப் பக்கம் நீண்ட சரிவு, கீழே போகப் போக அகன்று விரிந்தது. மறுபக்கம் கிணறு மாதிரி ஆழமான பள்ளம். காளியம்மா மெழுகு தேய்த்து, பூட்ஸை இறுக்கி, விளிம்பில் நின்று கட்டைகளைப் பூட்டினாள். முதல் அடி எடுத்து வைத்தாள். இடது குதிகாலைச் சுற்றியிருந்த பழைய தோல் வார் பட்டென்று அறுந்தது. அவள் ஒரு பக்கம் விழுந்தாள். கழன்ற கட்டை விளிம்பைத் தாண்டி, மறுபக்கத்துப் பள்ளத்துக்குள் விர்ரென்று போயே போய்விட்டது.

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அடி தெரியவில்லை. நேசையன் நான் போகிறேன் என்று ஒரு கால் வைத்தார். தொடைவரை மணல் சரிந்தது. செய்கு முகம்மது அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார். வெயில் வந்ததும் காற்று ஏறிவிட்டது, இருக்கிற கட்டையை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவோம், இன்னொன்றை நேசையன் மரத்தில் செய்து தருவார் என்றார். அவர் சொன்னதில் தவறொன்றும் இல்லை. காளியம்மா வலது கட்டையையும் கழற்றி ஜெபராணியிடம் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, பின்பக்கமாகச் சாய்ந்து, குதிகாலைக் குத்திக் குத்திப் பள்ளத்துக்குள் இறங்கத் தொடங்கினாள். யாரும் தடுப்பதற்குள் பாதி தூரம் போய்விட்டாள்.

அடியில் காற்றே இல்லை. அங்கே ஒரு செடிப் புதரைச் சுற்றி நாலைந்து ஒட்டகங்கள் நின்றன. தடித்த கம்பளிக் கோட்டுப் போட்ட ஒரு கிழவர், பாலைவனத்தில் ஒட்டகம் மேய்க்கிற பது அரபி, கட்டையைக் கையில் வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வானத்திலிருந்து விழுந்ததோ என்று நினைத்திருப்பார். மேலேயிருந்து ஒரு பெண்பிள்ளை மணலை அளைந்துகொண்டு வந்து சலாம் சொன்னதும் அவர் முகம் இன்னும் கலவரமாயிற்று. அவள் அரபியில் பேச ஆரம்பித்த பிறகுதான் சற்றுத் தெளிந்தார். இதைக் காலில் கட்டிக்கொண்டு உச்சியிலிருந்து அந்தப் பக்கம் இறங்கப்போகிறேன் என்று காளியம்மா விளக்கினாள். ஷார்ஜா வீட்டுப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டிப் படித்த அரபி அன்று கைகொடுத்தது.

கிழவர் தலையை நிமிர்த்தி உச்சியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"உன்னை யார் அனுப்பியது?" என்று கேட்டார்.

"யாரும் அனுப்பவில்லை. நானாகத்தான் வந்தேன்" என்றாள் காளியம்மா.

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவளுக்கே காதில் விழுந்தது. கங்காணி அனுப்பாமல், ஏஜென்ட் அனுப்பாமல், எந்த வீட்டம்மாவும் அனுப்பாமல் அவள் ஓர் இடத்துக்கு வந்திருந்தாள். இன்னொரு முறை சொல்லிப் பார்க்க வேண்டும்போல இருந்தது.

கிழவர் அறுந்த வாரைத் தடவிப் பார்த்தார். ஒட்டகத்தின் சேணத்திலிருந்து ஒரு நீளத் தோல் வாரை அவிழ்த்து, பல்லால் கடித்து இழுத்து, கட்டையின் இரும்புப் பூட்டில் கோத்து முடிச்சுப் போட்டார். ஒட்டகத்தையே நிறுத்துகிற முடிச்சு, இது அவிழாது என்றார். நான் மேட்டைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் வருகிறேன், நீ இறங்குவதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு ஒட்டகத்தை எழுப்பினார்.

பள்ளத்திலிருந்து மேலே ஏறியதுதான் அன்றைக்குப் பெரும்பாடு. அந்தப் பக்கத்து மணல் இறுகவில்லை. ஓர் அடி வைத்தால் முக்கால் அடி கீழே வழிந்தது. காளியம்மா கட்டையைக் குறுக்கே போட்டு அழுத்தி, அதன்மேல் உடம்பை ஏற்றி, மறுபடி கட்டையைத் தூக்கி மேலே போட்டு ஏறினாள். கம்பளிக்குள் வேர்வை ஓடியது. அதன்மேல் காற்றுப் பட்டுக் குளிர் எலும்பில் இறங்கியது. ஓரிடத்தில் கால் நடுங்கி நின்றுவிட்டது. அவள் தன் தொடையைக் கையால் பிடித்துத் தூக்கி அடுத்த அடி வைத்தாள். நேசையன் விளிம்பில் குப்புறப் படுத்துக்கொண்டு தலைத்துண்டைக் கீழே நீட்டினார். செய்கு முகம்மது அவர் காலைப் பிடித்துக்கொண்டார். அப்படி அவளை மேலே இழுத்தார்கள்.

ஜெபராணி அவள் முகத்து மணலைத் துடைத்து, பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். அவளுக்குக் கோபமும் பயமுமாக இருந்தது.

"இஞ்ச பாரு பிள்ள, போதும் கேட்டியா. நாளைக்கு டியூட்டி உண்டு. காலு ஒடிஞ்சா நான்தான் கட்டுப் போடணும். நடந்தே எறங்குவோம்" என்றாள்.

காளியம்மா தேநீரைக் குடித்து முடித்தாள். டம்ளரைக் கவிழ்த்து உதறினாள்.

"இவ்வளவும் ஏறினது நடந்து எறங்கவா அக்கா?" என்றாள்.

 ஜெபராணியே குனிந்து காளியம்மாவின் பூட்ஸ் கயிற்றை இறுக்கிவிட்டாள். நேசையன் மிச்சமிருந்த மெழுகையெல்லாம் கட்டையில் தேய்த்துத் தீர்த்தார்.

காளியம்மா விளிம்பில் நின்றாள். கீழே பார்க்கக் கூடாது, போகப்போகிற இடத்தைப் பார் என்று சோல்வி மேடம் தன் பிள்ளைகளுக்குச் சொல்வாள். ஜாம் தடவிக்கொண்டே இவளும் அதைக் கேட்டிருக்கிறாள். தூரத்தில் சரிவு விரிகிற இடத்தைப் பார்த்தாள். முழங்காலை மடக்கினாள். கோல்களால் உந்தினாள்.

முதலில் கட்டை தயங்கியது. பிறகு மணல் பிடி விட்டது. சரிவு அவளை வாங்கிக்கொண்டது. காற்று முகத்தில் அறைந்து கண்ணில் நீர் வந்தது. துடைக்கக் கை இல்லை. வேகம் கூடக் கூடக் காலுக்கடியில் மணல் உறுமத் தொடங்கியது, பெரிய வண்டு ஒன்று பெட்டிக்குள் பறப்பதுபோல. இடப்பக்கம் சாய்ந்தாள்; கட்டைகள் இடப்பக்கம் வளைந்தன. வலப்பக்கம் சாய்ந்தாள், அவை சொன்னபடி கேட்டன. நடுவழியில் மணல் ஓரிடத்தில் ஈரமாயிருந்து கட்டைகளைப் பிடித்து இழுத்தது. உடம்பு முன்னால் போயிற்று. ஒரு கோல் கையைவிட்டுப் பறந்தது. விழுந்தாயிற்று என்றுதான் மேலே நின்றவர்கள் நினைத்தார்கள். அவள் பின்னால் சாய்ந்து ஏறக்குறைய உட்கார்ந்து, மறுபடி எழுந்து, ஒற்றைக் கோலோடு போனாள். குதிகால் வார் அசையவில்லை. சரிவு விரிந்தது. அவள் இப்போது கூட்டிக் குறைத்துத் தன் இஷ்டத்துக்கு வளைந்தாள், அகலமாக, அவசரமில்லாமல். வந்த வேகத்தில் அடுத்த சின்ன மேட்டில் பாதிவரை ஏறி, அங்கே கட்டைகள் தாமாக நின்றன.

எல்லாம் அமைதியாக இருந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். உச்சியிலிருந்து தன் கால்வரை இரட்டைக் கோடு ஒன்று வளைந்து வளைந்து இறங்கியிருந்தது. அந்தப் பெரிய சிவப்புச் சரிவில் அதைத் தவிர வேறொரு தடம் இல்லை. மேலே மூன்று சின்ன உருவங்கள் கையை வீசிக் குதித்துக்கொண்டிருந்தன. அவர்கள் கத்தியது காற்றில் விட்டு விட்டுக் கேட்டது. காளியம்மா ஒற்றைக் கோலை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, வாய்விட்டுச் சிரித்தாள். தான் இவ்வளவு சத்தமாகச் சிரிக்கக்கூடியவள் என்று அவளுக்கே தெரியாது.

மற்ற மூவரும் இறங்கிய விதம் தனிக் கதை. செய்கு முகம்மது பக்குவமாகக் குறுக்கே நடந்து இறங்கினார். நேசையன் ஓடத் தொடங்கி, நிறுத்த முடியாமல் உருண்டு வந்தார். ஜெபராணி கம்பளியைச் சுருட்டி அடியில் வைத்து உட்கார்ந்தபடியே சறுக்கிவந்தாள். வழியில் கிடந்த கோலையும் மறக்காமல் எடுத்துவந்தாள். வந்தவள் காளியம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிறிது நேரம் விடவில்லை.

பதுக் கிழவரும் சொன்னபடி ஒட்டகத்தோடு வந்து சேர்ந்தார். எல்லாவற்றையும் பார்த்திருந்தார். இவள் யாருடைய மகள் என்று நேசையனிடம் விசாரித்தார். நேசையன் புரியாமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கிழவர் ஏலக்காய் மணக்கும் அரபிக் காப்பியான காவாவைச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, முதல் கிண்ணத்தைக் காளியம்மாவுக்கு நீட்டினார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தானும் சறுக்கிப் பார்க்க வேண்டும் என்றார். பூட்ஸ் அவருக்குச் சேரவில்லை. இரண்டு கட்டைகளையும் சேர்த்து வைத்து அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சின்ன மேட்டிலிருந்து தள்ளிவிட்டார்கள். கோட்டு விரிய, தாடி பறக்க, கிழவர் கீழே போய்க் கவிழ்ந்து எழுந்தார். மணலைத் தட்டிவிட்டு, யல்லா, இன்னொரு தடவை என்று கட்டையைத் தூக்கிக்கொண்டு மேலே நடந்தார். ஒட்டகம் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தது.

அன்றைக்கு மதியத்துக்கு மேல்வரை அவர்கள் அங்கேயே இருந்தார்கள். கிழவர் விளையாடி முடித்ததும் ஜெபராணி பூட்ஸைக் கேட்டாள். நேசையன், உனக்கு எதுக்கு இந்த வேலை என்று ஆரம்பித்தவர், அவள் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார். காளியம்மா அவளைச் சரிவின் பாதி உயரம்வரை கூட்டிப்போனாள். தன் காலில் இன்னும் தெம்பு இருக்கிறது என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஜெபராணி விழுந்தாள், திட்டினாள், எழுந்தாள், மறுபடி விழுந்தாள். கடைசியில் ஒரு முறை அடிவரை விழாமல் வந்து நின்றபோது, கீழே காத்திருந்த நேசையன் அத்தனை பேர் முன்னாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். மணல் மேட்டுக்கு வருவதற்கு முன்பெல்லாம் தேநீர் ஆறும்வரைதான் அவர்களுக்கு வெள்ளிக்கிழமை.

சனிக்கிழமை காலையில் காளியம்மா சுவரைப் பிடித்துப் பிடித்துக் கிளினிக்குக்குள் வந்தாள். ஏன் நொண்டுகிறாய் என்று டாக்டர் கேட்டார். மலையிலிருந்து எறங்கினேன் சார் என்றாள் அவள். டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஜெபராணியின் பக்கம் திரும்பினார். ஜெபராணி மருந்து அலமாரியைப் பிடித்தபடி, அசையாமல் நின்றிருந்தாள். அவளுக்கும் நடை வரவில்லை.

இந்தக் கதை கராமாவுக்குள் பரவ அதிக நாள் ஆகவில்லை. நேசையன் பட்டறை ஓய்வு நேரத்தில் இன்னொரு ஜோடிக் கட்டை செய்து முடித்தார். குளிர்காலம் முடிவதற்குள் நர்ஸுகளும், வீட்டு வேலைக்காரப் பெண்களும், தட்டச்சுக்காரி ஒருத்தியுமாக பிக்கப்பில் இடம் போதாமல் போயிற்று. செய்கு முகம்மது பின்பக்கம் பலகை போட்டு இருக்கை அமைத்தார். வரிசையாகத் துண்டு போர்த்திக்கொண்டு அவர்கள் மேட்டில் ஏறுவார்கள். முன்னால் வளைந்து வளைந்து ஏறுகிறவள் காளியம்மா. முதலில் இறங்குகிறவளும் அவள்தான். அதை மட்டும் அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.